அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது சரிதானா?

மலைச்சாரல்:
ஆண்டெனா வழியாக வந்த பழைய அனலாக் தொலைக்காட்சியை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியதை எல்லாரும் முன்னேற்றம் என்கிறார்கள். ஒளிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு அப்படித்தான். ஒளிபரப்பு எல்லையின் ஓரத்தில் இருந்தவர் கதி வேறு. அனலாக்கில் சிக்னல் தேய்ந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும். ஆனாலும் செய்தி வாசிப்பவர் குரல் கேட்கும். டிஜிட்டலில் ஓர் அளவு வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து திரை கறுத்துவிடும். அரைகுறைப் படத்தோடு காலம் தள்ளியவருக்கு இப்போது அதுவும் இல்லை. இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

கோபுரக்காவலன்:
ஓரத்தில் இருப்பவருக்கு டிஜிட்டல் எட்டாததற்குப் பெரிய காரணமே அனலாக்தான். பிரிட்டனைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஓடிய காலத்தில், அனலாக் படத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று டிஜிட்டலைக் குறைந்த சக்தியில் அனுப்பினார்கள். 2007 அக்டோபரில் ஒயிட்ஹேவன் ஊரில் தொடங்கி, 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் முடியும்வரை வட்டாரம் வட்டாரமாக அனலாக்கை நிறுத்தினார்கள். நிறுத்திய இடத்தில் டிஜிட்டலின் சக்தியைக் கூட்ட முடிந்தது. முன்பு அனலாக் கிடைத்த வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் டிஜிட்டல் போய்ச் சேர்ந்தது அதனால்தான். இரண்டையும் நிரந்தரமாக ஓட்டியிருந்தால் நீங்கள் சொல்லும் அதே ஓரத்து ஆட்கள்தான் காத்துக் கிடந்திருப்பார்கள்.

மலைச்சாரல்:
அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் அனலாக்கை நிறுத்திய 2009 ஜூன் 12க்குப் பிறகு என்ன ஆனது? விஎச்எஃப் என்ற நீண்ட அலை கொண்ட அலைவரிசைக்குப் போன சில நிலையங்கள் சிகாகோ, பிலடெல்பியா போன்ற பெருநகரங்களிலேயே பல வீடுகளில் வரவில்லை. அதைவிடக் குறுகிய யூஎச்எஃப் அலைக்கென்று செய்த சின்ன ஆண்டெனா அந்த நீண்ட அலையைச் சரியாகப் பிடிக்காது. வீட்டு மின்சாதனங்களின் இரைச்சலும் விஎச்எஃப்பைத்தான் அதிகம் தாக்கும். பிறகு அனுமதி வாங்கிச் சக்தியைக் கூட்டினார்கள். முன்பே அளந்து பார்த்திருக்க வேண்டாமா?

அலைக்கற்றை:
நான் காவலன் பக்கம். ஓர் அனலாக் நிகழ்ச்சிக்கு ஆறிலிருந்து எட்டு மெகாஹெர்ட்ஸ் அகலமான அலைவரிசை இடம் தேவை. அதே இடத்தில் டிஜிட்டலில் பல நிகழ்ச்சிகள் அடங்கும். மிச்சமானது கைபேசி வலையமைப்புக்குப் போகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை அமெரிக்கா 2008இல் ஏலம் விட்டதில் சுமார் 1,900 கோடி டாலர் வந்தது. ஓரத்தில் இருப்பவருக்கும் கைபேசி வேண்டும்தானே?

மலைச்சாரல்:
வேண்டும். ஆனால் அவ்வளவு பணம் வந்த நாட்டில், பழைய டிவியில் டிஜிட்டலைக் காட்டும் மாற்றுப்பெட்டி வாங்க 40 டாலர் கூப்பன், வீட்டுக்கு இரண்டு என்று கொடுத்த திட்டத்தில் 2009 ஜனவரியில் ஒதுக்கீடு தீர்ந்து, மக்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். பிப்ரவரி 17 என்றிருந்த நாளை ஜூனுக்குத் தள்ளவேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வருமானம் அரசுக்கு, அலைச்சல் மக்களுக்கு. இன்னொன்று: மின்சாரம் போன நேரத்தில் உதவிய பழைய பேட்டரி டிவிகள் ஒரே நாளில் வீணாயின.

கோபுரக்காவலன்:
அதற்கு ஜப்பான் வழி கண்டது. ஓர் அலைவரிசையை 13 துண்டாகப் பிரித்து, ஒன்றைக் கைக்கருவிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். 2006 முதல் கைபேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம் என்றானது. 2011 நிலநடுக்கம் தாக்கிய இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மூன்று மாகாணங்களுக்கு மட்டும் அனலாக்கை 2012 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். தேதியைவிட மக்கள் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பதற்கு இது போதாதா?

மலைச்சாரல்:
போதும். நான் கேட்பதும் அதே கவனிப்பைத்தான், பேரிடர் இல்லாத ஊருக்கும். ஒளிபரப்பு எல்லையின் ஓரப் பகுதியில் வீட்டளவில் சிக்னலை அளந்து முடிவை வெளியிடட்டும். எட்டாத இடத்தில் துணைக் கோபுரம் நிற்கட்டும். அதன் பிறகு அனலாக்கை நிறுத்தட்டும்.

அலைக்கற்றை:
வீட்டளவில் என்றால் மலைநாடு எதிலும் மாற்றம் நடக்கவே நடக்காது. கோபுரம் எட்டாத வீட்டுக்குச் செயற்கைக்கோள் தட்டை அரசு செலவில் கொடுப்பது சீக்கிரம் முடியும்.

மலைச்சாரல்:
கொடுக்கட்டும். ஆனால் நிறுத்தும் நாளுக்கு முன்பே கொடுக்கட்டும்.