மறு: 'பிளாக் டைம்' என்பதற்குத் தமிழ்

அன்புள்ள நண்பர்களுக்கு,

விமானப் போக்குவரத்தில் புழங்கும் 'பிளாக் டைம்' என்பதற்குத் 'தொகுதி நேரம்' என்று வந்த பரிந்துரையைப் பார்த்ததும் தயக்கமாக இருந்தது. பிளாக் என்றவுடன் அகராதியில் முன்னால் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டுவிட்டோமோ? இங்கே பிளாக் என்பது நிற்கிற விமானம் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கிற கட்டை. அதை எடுத்து, விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் நின்று மறுபடி கட்டை போடும் வரை ஆகிற நேரம்தான் பிளாக் டைம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறை வரக் காத்து நிற்பது, இறங்கியபின் நுழைவாயிலுக்கு வந்து சேர்வது எல்லாம் இதில் சேர்த்தி. டிக்கெட்டில் ஒரு விமானத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அச்சாவதும் இதுவே.

அதனால் 'பறப்பு நேரம்' என்பதும் பொருந்தாது. சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடுகிற வரைக்கு அந்தச் சொல்லை ஒதுக்கிவிடலாம்.

என் பரிந்துரை: கட்டைநேரம்.

சிரிக்காதீர்கள். சரிவில் லாரி நின்றால் கிளீனர் குதித்து இறங்கிப் போடுவது கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தை ஒட்டியே ஓடுகிறார்கள். சக்கரத்தை நிறுத்துகிற பொருளுக்கு இத்தனை காலமாக ஒரு பெயர் இருக்க, தொகுதியிடம் ஏன் போக வேண்டும்? 'முட்டுக்கட்டை நேரம்' என்றால் யாரோ விமானத்தை மறித்ததாகிவிடும், ஆகவே வெறும் கட்டை. பாடகர்கள் 'எத்தனை கட்டை?' என்று கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் தூரம். 'விமானத் தூரம்' என்று ஒரே சொல்லில் முடிக்கப் பார்க்கிறோம், அது போதாது. சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தையே எடுத்துக்கொள்வோம். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகும். நீளம் சுமார் 15,300 கி.மீ. கணிதத்தில் புழங்கும் 'பெருவட்டம்' இருக்கிறதே, இதைப் பெருவட்டத் தொலைவு என்றால் தீர்ந்தது. ஆனால் விமானம் பல நாள் அந்த வழியில் போவதில்லை. பசிபிக் மேலே மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிற காற்றின் முதுகில் ஏறிக்கொள்ள வளைந்து போகிறது. அப்போது தூரம் 16,000-ஐத் தாண்டும், நேரமோ குறையும். இந்த இரண்டாவதற்குப் 'பறந்த தூரம்' என்றே எளிமையாக வைக்கலாம்.

இதே தடத்தின் கட்டைநேரம் 19 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் 13 மணி நேர வித்தியாசம். நியூயார்க் போகிற டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி உள்ள புறப்பாட்டையும் வருகையையும் அப்படியே கழித்துப் பார்க்கிறவருக்கு ஆறு மணி நேரம்கூட வராது. 'பயண நேரம்' என்று பொதுவாகப் போட்டாலும் குழப்பம்தான்: நடுவில் வேறு ஊரில் இறங்கி மாறினால், அங்கே உட்கார்ந்திருக்கிற நேரமும் அதற்குள் வந்துவிடும்.

இனி துணைச் சொற்கள். கட்டையை எடுப்பதற்குக் 'கட்டையெடுப்பு', போடுவதற்குக் 'கட்டையிடுகை' என்று எழுதிப் பார்த்தேன். முன்னது பரவாயில்லை. பின்னது எனக்கே நாக்கில் ஒட்டவில்லை. 'கட்டையடைவு' என்றால் ஏதோ மரக்கிடங்கு மாதிரி இருக்கிறது. யாருக்காவது நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.