பெல்ட்டை இரண்டு முறை மாற்றியும் நிற்காத கீச்சொலி: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர், குன்னூர்

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2014-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த நான்கு மாதங்களாக, எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடும் இடத்திலிருந்து 'கீச், கீச்' என்று விட்டுவிட்டு ஓர் ஒலி வருகிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் தொடங்கும் இந்த ஒலி, எஞ்சின் சூடேறிய பிறகும் முழுவதும் நிற்பதில்லை. ஏ.சி. போட்டாலும், நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் அதிகமாகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் கூடும்போது எஞ்சின் இரைச்சலில் கரைந்துவிடுகிறது.

பட்டறையில் முதலில் பெல்ட்டை மாற்றினார்கள். மூன்று வாரம் அமைதியாக இருந்துவிட்டு மீண்டும் அதே ஒலி. இரண்டாவது முறை பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றினார்கள். அதுவும் ஒரு மாதம்தான் தாங்கியது. இப்போது வாட்டர் பம்ப்பை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதற்கு முன், எந்தப் பாகத்தில் கோளாறு என்பதை உறுதிப்படுத்த வழி இருந்தால் சொல்லி உதவுங்கள்.

பதில் 1: பட்டறை நடத்தி ஓய்வுபெற்றவர், கோவை

தம்பி, வாட்டர் பம்ப்பைக் கழற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். புதுப் பெல்ட் போட்டதும் ஒலி அடங்கி, சில வாரங்களில் திரும்பி வருகிறது என்றால், சத்தம் போடுவது பெல்ட்டாக இருந்தாலும் அதைப் போட வைப்பது வேறொன்று. புது ரப்பர் கொஞ்ச நாள் அந்தக் குறையை மறைக்கும், அவ்வளவுதான்.

பெல்ட் பாதையிலிருந்து வரும் ஒலியில் மூன்று வகை உண்டு. சிட்டுக்குருவி கத்துவதுபோலச் சீரான இடைவெளியில் விட்டுவிட்டு வரும் கீச்சொலி, பெரும்பாலும் புல்லிகள், அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்கள், ஒரே நேர்க்கோட்டில் இல்லாததால் வருவது. பாரம் ஏறும்போது நீளமாக இழுத்துக் கிறீச்சிடுவது, பெல்ட் இழுவிசை போதாமல் வழுக்குவதால் வருவது. இரண்டிலும் சேராமல், மாவு அரைக்கும் இயந்திரம்போல உர்ரென்று தொடர்ந்து ஒலித்தால் புல்லியைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது முதல் வகைபோல இருக்கிறது; ஆனாலும் எழுத்தில் வரும் ஒலியை நம்பி மருந்து சொல்லக் கூடாது.

ஒரு தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். துணி தேய்க்கும்போது பயன்படுத்தும் தெளிப்பான் போதும். எஞ்சினை ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, பெல்ட்டின் வரிகள் (நீளவாக்கில் ஓடும் மேடுகள்) உள்ள உட்பக்கத்தில் சற்றுத் தள்ளி நின்று தண்ணீரைத் தெளியுங்கள். தெளித்ததும் ஒலி நின்று, சில நொடிகளில் ஈரம் விலகியதும் திரும்பினால் நேர்க்கோட்டுக் கோளாறு. தெளித்ததும் ஒலி கூடினால் இழுவிசைக் கோளாறு. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் பேரிங் பக்கம் போக வேண்டும். சட்டைக் கை, துண்டு, கழுத்துப்பட்டை எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேட்டியோடு குனிந்து நின்று வேட்டியைப் பறிகொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். காலைப் பறிகொடுக்காதது அவருடைய நல்ல நேரம்.

இன்னொன்றும் தெரிய வேண்டும்: உங்கள் ஸ்டீயரிங் எண்ணெயில் இயங்குவதா, மின் மோட்டாரில் இயங்குவதா?

பதில் 2: சொந்த வண்டிக்குத் தானே வேலை பார்ப்பவர், திருச்சி

ஐயா சொன்ன சோதனையோடு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் புல்லியையும் பார்க்கச் சொல்வேன். சில வண்டிகளில் ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறு திசையில் தனியாகச் சுழலும் புல்லி இருக்கும். அது இறுகிவிட்டால், எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் பெல்ட்டை உலுக்கும்; டென்ஷனர் கை இடைவிடாமல் ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெல்ட்டைக் கழற்றிய பிறகு, ஆல்டர்னேட்டரின் உட்பகுதி சுழலாமல் பிடித்துக்கொண்டு புல்லியை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் தனியாகச் சுழல வேண்டும். இரண்டு பக்கமும் இறுகி நின்றால் புல்லி போய்விட்டது என்று பொருள்.

பதில் 3: ஈரோடு

இவ்வளவு சிரமம் எதற்கு? பெல்ட்டின் உட்பக்கத்தில் சோப்புக் கட்டியையோ மெழுகுவத்தியையோ தேய்த்துவிடுங்கள். கடைகளில் இதற்கென்றே ஸ்பிரேவும் கிடைக்கிறது. என் வண்டியில் ஒரே நாளில் நின்றுவிட்டது.

பதில் 1: கோவை

ஈரோட்டு நண்பர் மன்னிக்க வேண்டும். ஒலி நிற்கும் என்பது உண்மைதான். காரணம் அப்படியே இருக்கும். அந்தப் பிசின் தூசியைப் பிடித்துப் புல்லியின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். எண்ணெய்ப் பசை உள்ளதைத் தடவினால் இன்னும் மோசம். இப்போது வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்னும் ரப்பரால் ஆனவை, அந்த ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, உப்பி மென்மையாகிவிடும். இந்த ரப்பரில் இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய ரப்பர்போல எளிதில் வெடிக்காது. கார் டயர் தேய்வதுபோல வரிகள் சன்னமாகத் தேய்ந்துகொண்டே போகும். அதனால் 'வெடிப்பு இல்லை, பெல்ட் நன்றாக இருக்கிறது' என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. ஸ்டீயரிங் மின் மோட்டாரில் இயங்குவது. தண்ணீர்ச் சோதனையை இன்று காலை மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் தெளித்தவுடன் ஒலி அறவே நின்றது. ஏறக்குறைய பத்து நொடிக்குப் பிறகு திரும்பியது. திருச்சி நண்பர் சொன்ன புல்லி என் வண்டியில் இல்லை. சாதாரணமான திடப் புல்லிதான் இருக்கிறது.

பதில் 1: கோவை

அப்படியானால் இழுவிசையை மறந்துவிடலாம். ஸ்டீயரிங் திருப்பும்போது ஒலி கூடுவதற்கும் விடை கிடைத்துவிட்டது: அந்த மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தர வேண்டும், அதனால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டுக்குக் கனமாகிறது. ஏ.சி. போட்டால் கம்ப்ரசர் பாரத்தோடு மின்விசிறிகளின் பாரமும் சேர்கிறது.

அடுத்த வேலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றுவது. கழற்றும் முன் பெல்ட் போகும் பாதையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் இல்லாமல் எஞ்சினைக் கிளப்பி ஒலி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிறது என்றால் எஞ்சினில் நீரோட்டம் நின்றிருக்கும். பேட்டரி விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்றுங்கள். மணல் அரைப்பதுபோல் உணர்ந்தாலோ, பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தாலோ, அந்த பேரிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் கூலன்ட் கசிந்து காய்ந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சினோடு சுழன்று பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியை மறக்க வேண்டாம். பல வண்டிகளில் அதன் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். அது விட்டுப்போனால் வெளிவளையம் நழுவும். இரண்டு வளையங்களுக்கும் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, பெல்ட்டை மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் கோளாறு அங்கேதான்.

எல்லாம் சரியாக இருந்தால், ஒரு நீளமான எஃகு அளவுகோலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் ஒட்டினாற்போல் வைத்து, மற்றப் புல்லிகள் அதே தளத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். எல்லாப் புல்லிக்கும் விளிம்பின் தடிமன் ஒன்றாக இருக்காது. ஆகவே விளிம்பை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், முதல் பள்ளம் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் அளந்து கழித்துக்கொள்ள வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

கடைசியாக ஒரு கேள்வி: ஒலி தொடங்குவதற்கு முன் அந்தப் பகுதியில் ஏதாவது வேலை நடந்ததா?

கேட்டவர்

இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஐந்து மாதங்களுக்கு முன் பேட்டரி சரியாக சார்ஜ் ஆகவில்லை என்று ஆல்டர்னேட்டரைக் கழற்றி வேறொரு இடத்தில் பழுது பார்த்தோம். ஒலி ஒரு மாதம் கழித்துத்தான் தொடங்கியதால் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை, பட்டறையிலும் சொல்லவில்லை.

பெல்ட் இல்லாமல் ஓட்டியபோது ஒலி அறவே இல்லை. புல்லிகள் எல்லாம் வழுவழுப்பாகச் சுழல்கின்றன. சுண்ணக்கட்டிக் கோடு உடையவில்லை. அளவுகோல் வைத்தபோதுதான் தெரிந்தது: நீங்கள் சொன்னபடி விளிம்பைக் கழித்த பிறகும், ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் 3 மில்லிமீட்டர் உள்வாங்கி இருக்கிறது. இது ஒரு பொருட்டாகுமா?

பதில் 1: கோவை

3 மில்லிமீட்டர் என்பது எத்தனை நீளத்தில் என்பதைப் பொறுத்தது. ஆல்டர்னேட்டர் புல்லிக்கும் பக்கத்துப் புல்லிக்கும் நடுவே பெல்ட் 200 மில்லிமீட்டர் நேராக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவான சாய்வு. பல வரிகள் உள்ள பெல்ட்டைக் கத்த வைக்க அது தாராளம். ஒவ்வொரு வரியும் பள்ளத்தின் சுவரில் உரசி ஏறி இறங்கும், அந்த உரசல்தான் உங்கள் கீச்சொலி. ஆல்டர்னேட்டரைப் பழுது பார்த்தவர்கள் பழைய புல்லி தேய்ந்ததென்று வேறு புல்லி போட்டிருக்கலாம், அல்லது புல்லிக்குப் பின்னால் இருக்க வேண்டிய வளையத்தைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கலாம். வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் பெல்ட் உட்கார்ந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. நட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குக் கிடைத்த வாஷரை அடியில் கொடுத்துச் சமாளிக்க விடாதீர்கள்.

கேட்டவர், பத்து நாள் கழித்து

கழற்றிப் பார்த்ததில் அது வேறு மாடலின் புல்லி என்று தெரிந்தது. ஆறு வரிகள்தான், விட்டமும் ஒன்றுதான், பள்ளங்கள் தொடங்கும் இடம் மட்டும் வேறு. என் வண்டிக்குரிய புல்லியை வரவழைத்து மாட்டினோம். அளவுகோல் இப்போது எல்லாவற்றிலும் ஒன்றாகப் படிகிறது. மழை பெய்த காலைகளிலும் ஒலி இல்லை. ஒரே ஒரு சந்தேகம்: இப்போதுள்ள பெல்ட்டின் ஓரத்து வரி ஒரு பக்கமாகப் பளபளத்துத் தேய்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1: கோவை

வேண்டாம் தம்பி. ஒரு பக்கம் தேய்ந்த வரி நேரான பள்ளத்தில் ஓடினாலும் பழைய சாய்வை விடாது. புதிது போடுங்கள். பெல்ட்டின் முதுகில் '6 பி.கே.' என்பதன் பின்னால் வரும் எண் மில்லிமீட்டரில் அதன் நீளம்; அது உங்கள் வண்டிக்குரிய எண்தானா என்று மாட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.