வீலிங் கலைச்சொற்கள்: ‘த்ராட்டில் கண்ட்ரோல்’ = திருகுபதம்? (மடல்வழி உரையாடல்)

அனைவருக்கும் வணக்கம்.

நம் இருசக்கர வாகனச் சொற்பட்டியலில் ‘த்ராட்டில் கண்ட்ரோல்’ என்பதற்கு நேரே ‘முடுக்கிக் கட்டுப்பாடு’ என்று இருக்கிறது. சாலையில் ஓட்டுபவருக்கு இது போதலாம். முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுபவருக்குப் போதாது. கட்டுப்பாடு என்றாலே அடக்கி வைப்பது என்றுதான் காதில் விழுகிறது. வீலிங்கில் வலது கை செய்யும் வேலை வேறு: சக்கரம் எழ எழ விட்டுக்கொடுக்க வேண்டும், தாழப் பார்த்தால் மயிரிழை கூட்ட வேண்டும். பாகு காய்ச்சும்போது கம்பிப்பதம் பார்ப்பதைப் போல, சரியான நிலையை உணர்ந்து அங்கேயே நிறுத்துகிற திறமை அது.

‘திருகுபதம்’ என்று முன்மொழிகிறேன். ‘முறுக்குபதம்’ என்றும் யோசித்தேன். ஆனால் டார்க்கை முறுக்குவிசை என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘முறுக்கைக் குறை’ என்று ஒரு பயிற்சிக் குறிப்பில் வந்தால் கையைச் சொல்கிறார்களா, எஞ்சினைச் சொல்கிறார்களா என்று தெரியாது.

---

> சரியான நிலையை உணர்ந்து அங்கேயே நிறுத்துகிற திறமை

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ‘அங்கேயே நிறுத்துகிற’ என்ற விளக்கம் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். வீலிங்கில் ஒரே அளவில் நிறுத்திவைத்த த்ராட்டில் ஓட்டுபவரைப் பின்பக்கமாகக் கவிழ்த்துவிடும். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும்.

வண்டியும் ஆளும் சேர்ந்த நிறைமையம் பின் அச்சிலிருந்து 70 செ.மீ. முன்னாலும் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகவும், பின்சக்கர ஆரம் 30 செ.மீ. என்றும் எடுத்துக்கொள்வோம். ஒரு கோணத்தில் வண்டியைப் பிடித்துவைக்கத் தேவையான முடுக்கம், நிறைமையத்தின் கிடைத்தூரத்தை அதன் உயரத்தால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் இது 1 ஜி (‘ஜி’ என்பது புவியீர்ப்பு முடுக்கம்). 30 டிகிரியில் சுமார் 0.41 ஜி. 45 டிகிரியில் 0.2 ஜி. 55-இல் 0.07. 60 டிகிரி வரும்போது நிறைமையம் பின் அச்சுக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, தேவை பூச்சியம். காற்றுத் தடையை இதில் சேர்க்கவில்லை.

ஆகவே எழும்போது கொடுத்த திருகலை, முன்சக்கரம் மேலே போகிற வேகத்துக்கு ஈடாகத் திரும்ப எடுத்தாக வேண்டும். புதியவர்கள் திருகுவதைப் பழகுகிறார்கள், திருப்பி எடுப்பதைப் பழகுவதில்லை. இன்னொன்றும் இதிலிருந்தே தெரிகிறது: 30 டிகிரியில் தாழ்வாகப் பிடித்துக்கொண்டே ஓட்ட முடியாது. அங்கே நிற்க 0.41 ஜி வேண்டும் என்றால் ஒவ்வொரு நொடிக்கும் வேகம் ஏறக்குறைய 14 கி.மீ. கூடும். மூன்று நான்கு நொடியில் ஆர்பிஎம் (எஞ்சினின் சுழல்வேகம்) உச்சத்தைத் தொட்டுத் தீர்ந்து சக்கரம் தொப்பென்று விழும். மெதுவாக, நெடுந்தூரம் போக வேண்டுமானால் அந்த 60-க்கு அருகில்தான் இருக்க வேண்டும்.

அந்த இடத்துக்குப் பட்டியலில் ‘சமநிலைப் புள்ளி’ என்று உள்ளது. இயற்பியல் பாடத்தில் அதை ‘உறுதியற்ற சமநிலை’ என்போம்; இருபக்கமும் சரியும் நிலை. வெறும் சமநிலை என்றால் அங்கே போய்விட்டால் வண்டி தானாக நிற்கும் என்று நினைப்பார்கள். ‘கவிழ்முனை’ சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

பட்டறைப் பக்கமிருந்து சில சேர்க்கைகள்.

கைப்பிடிக்கும் த்ராட்டில் என்கிறோம். எஞ்சினுக்குள் காற்றைத் திறந்து மூடும் தட்டுக்கும் த்ராட்டில் என்கிறோம். தமிழில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். கையில் இருப்பது திருகுபிடி, உள்ளே இருப்பது காற்றிதழ். ஏனென்றால் ‘வண்டி குதிக்கிறது, என் கை சரியில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு, பிழை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் கேபிள் ப்ளே, அதாவது திருகுபிடியையும் காற்றிதழையும் இணைக்கும் கேபிளின் தளர்வு. இதற்கு ‘வெறுந்திருகல்’ என்று வைக்கலாம். திருகுபிடியின் விட்டம் சுமார் 32 மி.மீ.; விளிம்பில் 1 மி.மீ. என்பது 3.6 டிகிரி. 5 மி.மீ. வெறுந்திருகல் இருந்தால் 18 டிகிரி வீண். முழுத் திருகலே 70, 80 டிகிரிதான் என்னும்போது, கால்வாசி திருகிய பிறகே காற்றிதழ் அசைகிறது. மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கை அந்த வெற்றிடத்தைக் கடந்து போய் மோதும். 2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள்: லாக் நட்டைத் தளர்த்தி, திறக்கும் கேபிளின் அட்ஜஸ்டரைத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் (திருகாமலே ஓடும் நிலையில்) விட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது ஆர்பிஎம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. ப்ளேயைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லையேல் கேபிள் போகும் வழியை மாற்றுங்கள். கையை எடுத்ததும் திருகுபிடி ‘டக்’கென்று மூட வேண்டும். மூடாவிட்டால் ஹேண்டில்பார் முனை எடைக்கும் பிடிக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு சோதனையும் தேறாத வண்டியில் சக்கரத்தைத் தூக்கவே கூடாது.

வழக்கத்தைவிடக் குறைந்த திருகலிலேயே முழுக்கத் திறக்கும் பந்தயத் திருகுபிடி இந்த வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு டிகிரிக்கும் காற்றிதழ் அதிகம் திறக்கும். கையின் நடுக்கம் அப்படியே சக்கரத்துக்குப் போகும்.

அடுத்தது கப்ளிங் ரப்பர்: பின்சக்கரத்துக்கும் செயின் ஓடும் பற்சக்கரத்துக்கும் (ஸ்பிராக்கெட்) நடுவில் அதிர்வைத் தாங்குவது. பின்சக்கரத்தைப் பூட்டிவைத்து ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் அசைத்தால் தளர்ந்து ஆடுகிறதா? மாற்றிவிடுங்கள். செயினை, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளந்து, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். தொய்ந்த செயினும் தேய்ந்த ரப்பரும் சேர்ந்தால் எவ்வளவு பதமான கையும் தோற்றுப்போகும்.

---

சின்ன ஆட்சேபம். பதம் என்றால் சொல் என்றும் பொருள். ‘திருகு’ என்றதும் திருகுதாளம் நினைவுக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து ‘திரித்த சொல்’ போல ஒலிக்கிறதே? ‘பிடிநயம்’ எப்படி?

---

பிடிநயம் அழகான சொல்தான். ஆனால் க்ளட்ச் பிடியா, கைபிரேக் பிடியா என்று கேள்வி வரும்; ஸ்டண்ட் வண்டியில் இடது பக்கமும் பின்பிரேக்குக்கு ஒரு கைப்பிடி இருக்கும். ‘திருகு’ என்றால் வலது கை மட்டும்தான். ஊறுகாய், சுடுசோறு வரிசையில் வினைத்தொகையாக நிற்பதால் ‘திரித்த’ என்ற பொருளும் ஒட்டாது. நான் திருகுபதத்துக்கே வாக்களிக்கிறேன்.

இரண்டாம் மடலில் சொன்ன ‘திருப்பி எடுத்தல்’ பற்றி ஒன்று. முழுக்க மூடினால் பல இஞ்செக்ஷன் வண்டிகளில் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். மறுபடி திறக்கும்போது எரிதல் திடீரென்று தொடங்கி வண்டி உதறும். அதனால் மேலே இருக்கும்போது சற்றே திறந்த நிலைக்கும் அதைவிடக் கொஞ்சம் அதிகமான நிலைக்கும் நடுவில்தான் கை உலவ வேண்டும். ஸ்டண்ட் ஓட்டுபவர்கள் ஐட்லிங்கை 2500, 3000 ஆர்பிஎம்முக்கு மேலே ஏற்றி வைப்பதும் இதற்காகவே: மூடினாலும் எஞ்சின் சட்டென்று இழுத்துப் பிடிக்காது. பயிற்சி முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். ஏற்றிய ஐட்லிங்கில் சாதாரண ஓட்டத்தில் வண்டி நிற்க மறுக்கும்.

கவிழ்முனையைத் தாண்டினால் திருகுபிடியை நம்பக் கூடாது. பின்பிரேக் ஒன்றே முன்பக்கத்தை உடனே கீழே கொண்டுவரும். ஆகவே வலது பாதம் பிரேக் மிதியிலிருந்து ஒரு கணமும் விலகக் கூடாது. உயரத் தூக்குவதற்கு முன்பே, 10 டிகிரி உயரத்தில் பிரேக்கைத் தொட்டு இறக்கிப் பழகுவதுதான் முதல் பாடம். மூடிய மைதானம், முழுக் கவசம், இழுத்தால் எஞ்சின் நிற்கும் கயிறு: இவை இல்லாமல் அந்தப் பாடமும் வேண்டாம்.

---

ஸ்பிராக்கெட் பற்றி யாரும் எழுதவில்லை. திருகுபதத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது என்பதால் சேர்க்கிறேன். முன்னால் 15, பின்னால் 45 பல் என்றால் விகிதம் 3. பின்னால் 60 போட்டால் 4. அதே ஆர்பிஎம்முக்கு வேகம் முக்கால்வாசியாகிறது, சக்கரத்தில் விசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கொடுத்தாலும் உடனே எழும், எடுத்தாலும் உடனே தாழும். பழகியவருக்கு இது வரம். தொடங்குபவருக்கு முன்னால் ஒரு பல் குறைத்தாலே போதும்: 14/45, அதாவது 3.2. செயின் கணக்கில் ஒரு பல்லுக்கு அரைக் கண்ணி கூடும். பின்னால் 45-ஐ 60 ஆக்கினால் கூடும் 15 பல்லுக்கு ஏறக்குறைய ஏழரை. எட்டுக் கண்ணி சேர்த்து மீதியை அச்சில் சரிசெய்ய வேண்டும்.

ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) இருந்தால் அணைத்துவிட வேண்டும். காற்றில் முன்சக்கரம் மெதுவாகச் சுழல்வதை, பின்சக்கரம் வழுக்குகிறது என்று அது புரிந்துகொண்டு விசையை வெட்டும். முன்பக்கம் தரையில் அறையும். பின் டயரில் 15 முதல் 20 பிஎஸ்ஐ வைத்தால் தரையில் பரவி உட்கார்ந்து பக்கவாட்டுத் தள்ளாட்டம் குறையும். அந்தக் காற்றோடு சாலையில் இறங்கக் கூடாது. நெடுநேரம் தூக்கி ஓட்டினால் ஆயில் பின்னால் ஓடிப் பம்ப் காற்றை இழுக்கும். ஆயில் விளக்கு மினுங்கினால் உடனே இறக்க வேண்டும்.

பட்டியலுக்கான பதிவு இப்படி இருக்கலாம்:

திருகுபதம் (பெ.): முன்சக்கரம் எழும் கோணத்துக்கு ஏற்ப மாறும் தேவைக்குச் சமமாக, காற்றிதழை உதறலின்றித் திறந்தும் மூடியும் தரும் கைத்திறன். காண்க: திருகுபிடி, வெறுந்திருகல், கவிழ்முனை.

‘கப்ளிங் ரப்பர்’ அப்படியே இருக்கட்டும். உதிரிபாகம் கேட்கும்போது அந்தப் பெயர்தான் வேண்டும்.