ஃபெட் மென்பொருளில் கால அட்டவணை முடியவே மாட்டேன் என்கிறது

மன்னை_கணக்கு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை 14 பிரிவு. நாளுக்கு 8 பாடவேளை, வாரம் 5 நாள். பிரிவுக்குக் கணக்கு 7 பாடவேளை, அதற்கு 4 ஆசிரியர்கள். "கணக்கு முற்பகலில்தான்" என்கிறார் தலைமையாசிரியர். நால்வரில் ஒருவர் கும்பகோணத்திலிருந்து பஸ். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டால் முதல் வேளை போச்சு, அதனால் அவருக்கு அதை அடைத்துவிட்டோம். அட்டவணையைத் தானாகப் போடும் ஃபெட் (FET) இரவு முழுக்க ஓடியும் முடியவில்லை. நிற்கும் இடம் எப்போதும் கணக்குதான்.

வெண்ணாறு:
பொங்கல் வரை ஓடினாலும் முடியாது சார். தேவை 14 × 7 = 98. முற்பகலில் 4 வேளை; மூவருக்கு 60, பஸ்ஸில் வருபவருக்கு 15, ஆக 75. மீதி 23-ஐ எங்கே வைப்பது?

7-ஐ 4, 3 என இரண்டு தொகுதியாகப் பதியுங்கள். இரண்டிலும் 'குறைந்தது ஒரு நாள் இடைவெளி' (ஒரு தொகுதியிலிருந்து ஒரு நாளுக்கு ஒரு வேளைதான்) கொடுத்தால் ஒரே நாளில் கணக்கு மூன்று தடவை வராது. முற்பகல் நிபந்தனை 4-க்கு மட்டும். 3 எங்கே வேண்டுமானாலும் விழட்டும். பிரிவுகளை 4, 4, 3, 3 என்று பிரிக்கும்போது பஸ்காரருக்கு 3 கொடுங்கள்: முற்பகலில் 3 × 4 = 12, அடங்கும். 4 கொடுத்தால் 16, இருப்பதோ 15. அங்கேயே இடிக்கும்.

குடமுருட்டி:
யார் எந்த வகுப்புக்கு எத்தனை வேளை என்பது மட்டும் இருந்தால், ஓர் ஆசிரியருக்கும் ஒரு பிரிவுக்கும் வாரத்தின் 40 வேளையைத் தாண்டாதவரை அட்டவணை நிச்சயம் உண்டு. 1916-இல் கணிதவியலர் கோனிக் (Kőnig) நிறுவிய வரைபடத் (graph, புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பது) தேற்றத்தின் விளைவு அது. "இவர் இந்த வேளையில் வரமாட்டார்" என்று சேர்த்ததும் கதை மாறுகிறது, அது என்.பி.-முழுமை (எல்லா நேரத்திலும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகைச் சிக்கல்) என்று ஈவன், இட்டாய், ஷமீர் 1976-இல் காட்டினார்கள். ஆகவே 'வர இயலாது' கட்டங்களைக் கஞ்சத்தனமாகப் போடுங்கள். வசதிக்காகக் கேட்பதற்கெல்லாம் 100 சதவீத எடை (மீறவே கூடாத நிபந்தனை) வேண்டாம்.

மன்னை_கணக்கு:
கணக்கு அடங்கிவிட்டது, நன்றி. 11-ஆம் வகுப்பில் அறிவியல் பிரிவும் வணிகவியல் பிரிவும் தமிழுக்கு ஒன்றாக உட்காருகிறார்கள். இரண்டு பதிவாகப் போட்டு 'ஒரே நேரம்' என்று கட்டினால் ஓட மறுக்கிறது.

வெண்ணாறு:
ஒரே ஆசிரியர் ஒரே வேளையில் இரண்டு பதிவில் இருக்க முடியாதே. ஒரே பதிவு, மாணவர் இடத்தில் இரண்டு பிரிவும்.

இரட்டை வேளையாக வரும் செய்முறை வகுப்பையும் பாருங்கள். 4-ஆம் வேளைக்கும் 5-ஆம் வேளைக்கும் நடுவே சாப்பாடு என்பது ஃபெட்டுக்குத் தெரியாது. இரட்டை வேளையை அங்கேயே தைத்துவிடும். தொடக்கம் 1, 3, 5, 7 மட்டும் என்று கட்டுங்கள்.

குடமுருட்டி:
நடு ஆண்டில் யாராவது மாறுதலில் போனால் புதிதாக ஓட்டாதீர்கள், மொத்தமும் கலைந்துவிடும். எல்லாவற்றையும் பூட்டி, அவருடைய வேளைகளையும் அதே பிரிவுகளில் நெகிழ்வான ஓரிரு பாடத்தையும் மட்டும் திறந்து ஓட்டுங்கள். சிக்கினால் இன்னொரு பாடத்தைத் திறக்கலாம்.