கலைச்சொல்: உரிமையாளர் கூட்டத்துக்குப் ‘பிராக்ஸி’

வணக்கம். சிங்கப்பூர் கொண்டோமினியம் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) ஒன்றின் ஆண்டுக் கூட்ட அறிவிப்பைத் தமிழில் எழுத வேண்டும். வர இயலாத உரிமையாளருக்காக வாக்களிப்பவரை, அதாவது ஆங்கிலத்தில் ‘பிராக்ஸி’ எனப்படுபவரைப் ‘பிரதிநிதி’ என்று எழுதினால் போதுமா?

மறுமொழி:

போதாது ஐயா. வீடு ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அந்த நிறுவனம் அனுப்புபவரைப் பிரதிநிதி என்கிறோம். ‘முகவர்’ என்றால் அதிகாரப் பத்திரம் வாங்கியவரோ என்று தோன்றும். ‘பினாமி’ வேண்டவே வேண்டாம். ‘பதிலாள்’ என்பதே என் பரிந்துரை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் ஆளுக்கும் தாளுக்கும் ஒரே சொல். ‘பிராக்ஸியை 48 மணி நேரத்துக்கு முன் ஒப்படைக்கவும்’ என்று அப்படியே எழுதினால், சிலர் கூட்டத்தன்று படிவத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால் வெள்ளி காலை 10 மணிக்குள் படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிந்தினால் அந்த வாக்கு போச்சு. ஆகவே ஆளுக்குப் ‘பதிலாள்’, தாளுக்குப் ‘பதிலாள் நியமனப் படிவம்’, எழுதிக் கொடுப்பவருக்கு ‘நியமிப்பவர்’. மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள்.

வரம்பையும் அறிவிப்பில் சேர்க்க வேண்டும். ஒருவர் மொத்த வீடுகளில் 2% அல்லது 2 வீடுகள், இவற்றில் எது கூடுதலோ அத்தனைக்குத்தான் பதிலாளாக இருக்கலாம். 400 வீடுகள் என்றால் 8. 60 வீடுகள் என்றால் 2. ஒரே ஆள் கட்டுக்கட்டாகப் படிவம் திரட்டி, குடியிருப்பை நடத்தும் நிர்வாக மன்றத்தைக் கைப்பற்றுவதைத் தடுக்க வந்த விதி இது, மிக அவசியமானது. கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாளர் என்றால் இருவருமே கையெழுத்திட வேண்டும். தீர்மானவாரியாக ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்று குறிக்காமல் வெற்றாகக் கொடுத்தால், பதிலாள் தன் விருப்பப்படி வாக்களித்துவிடுவார். நியமித்தவரே நேரில் வந்து வாக்களித்தால் பதிலாளின் வாக்கு செல்லாது.

மறுமொழி:

‘ஆள்’ சற்று மரியாதைக் குறைவாக ஒலிக்கிறதே, ‘பதிலாளர்’ எனலாமா?

மறுமொழி:

‘பதிலாளர்’ என்றால் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஆகிவிடும். மரியாதையை வினைமுற்றில் காட்டலாம்: ‘பதிலாள் வாக்களிப்பார்’. பன்மைக்குப் ‘பதிலாட்கள்’. அறிவிப்புக்கு வரி இதோ: “கூட்டத்துக்கு வர இயலாதவர், பதிலாள் நியமனப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, கூட்டம் தொடங்கக் குறைந்தது 48 மணி நேரம் முன்பாகச் செயலாளரிடம் சேர்ப்பிக்கவும்.”