ஆக்ஸால்ப்ல ஜெட் ஃபோட்டோ எடுக்க ஷட்டர் ஸ்பீட் எவ்ளோ?

ஹட்டன் பையன்: சுவிஸ்ல இருக்க மாமா ஒக்டோபர்ல ஆக்ஸால்ப் மலைல நடக்குற எயார் ஃபோர்ஸ் ஷோ பாக்க கூப்புடுறாரு. 100-400 ஸூம் லென்ஸ் இருக்கு, செட்டிங் சொல்லுங்க அண்ணே.

நுவரெலியா: எஃப்/ஏ-18 போர் ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 செக்கனுக்கு கீழ போகாதீங்க, கன்டினியூவஸ் ஃபோகஸ் (ஓடுறத விடாம பின்தொடர்ற ஃபோகஸ்) போடுங்க. ஹெலிகொப்டருக்கு மட்டும் 1/250, இல்லாட்டி விசிறி சுத்தாம பொம்மையா தெரியும்.

பண்டாரவளை: 1/1000 மட்டுமேன்னா வேஸ்ட். அங்க விசேஷமே ஜெட் நமக்கு கீழ பறக்குறதுதான், 2200 மீட்டர் உயரத்துல நிக்கிறோம், பின்னால வானமில்ல பாறை, அதனால 1/320ல பேன் பண்ணா, அதாவது ஜெட்டோடயே கேமராவத் திருப்பிக்கிட்டே எடுத்தா, பாறை கோடு கோடா இழுபட்டு வேகம் தெரியும், நெறைய படம் ஷேக் ஆகும், பரவால்ல. தோட்டத்து மேல் ரோட்டுல நின்னு பள்ளத்துல சுத்துற பருந்த எடுத்துப் பழகுங்க.

ஹட்டன் பையன்: பருந்துக்கு டிக்கட் இல்ல 😂

நுவரெலியா: காதுக்கு பஞ்சு கொண்டு போங்க தம்பி, ஜெட்டுல இருக்க பீரங்கியால நெஜமாவே சுடுவாங்க. சில வருஷம் ஷோவே நடக்கல, திகதிய பாத்துட்டு பிளைட் போடுங்க.