வண்டியின் தாழ்ந்த முன்பக்கத்தைப் பின்பக்க மட்டத்துக்குத் தூக்கும் லெவலிங் கிட் போட்டவர்கள் வாருங்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத அனுபவம் எது?

கரடுபாதை:

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாயிருக்கும் ஸ்ட்ரட்டின் தலையில், உயரம் கூட்ட வைக்கிற ஸ்பேசர் (தடிமனான வளையம்) கிட்தான். வண்டி ஸ்டாண்டில், சக்கரம் கழற்றியாயிற்று, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டு பக்கமும் விட்டாயிற்று. நான் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், தம்பி மேலே நடு நட்டில் சாக்கெட்டை மாட்டி, ராட்செட்டில் இரண்டு கையையும் வைத்துவிட்டான்.

"டேய், கையை எடு!" என்று கத்தினேன். அவன் அப்படியே உறைந்து நின்றான்.

அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த நடு நட்டுதான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வண்டியின் எடை அதன்மேல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிற விசை போவதில்லை. கழற்ற வேண்டியது ஓரத்தில் இருக்கிற மூன்று நட்டு மட்டும். ஆனால் அவன் அப்புறம் கேட்டான்: "ஏண்ணா, அதுதானே பெருசா நடுவுல இருக்கு, அதைத்தானே முதல்ல கழட்டணும்?" முதல்முறை பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போதெல்லாம் எந்த வண்டியில் கை வைத்தாலும் முதலில் அந்த நட்டின்மேல் சிவப்புப் பெயின்ட் தீற்றிவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுக்கிறேன்.

ஓரச்சக்கரம்:

என்னுடையது சத்தம். கிட் போட்டு அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) முடிந்து, வண்டி பார்க்க நன்றாகத்தான் நின்றது. ஆனால் வேகத்தடையில் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது மட்டும் இடதுபக்கம் 'டங்' என்று ஒரு அடி. எல்லா நட்டையும் மறுபடி, இறுக்க அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், எதுவும் தளரவில்லை. கடைசியில் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு டார்ச் அடித்தேன். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்ம் போய் ஸ்பிரிங்மேல் சாய்ந்திருந்தது. ஸ்பிரிங்கின் ஒரு சுற்றில் நகம் அளவுக்குப் பெயின்ட் உரிந்து, இரும்பு பளபளத்தது. இவ்வளவு நாளும் ஒவ்வொரு மேட்டிலும் இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டுதான் வந்திருக்கின்றன.

மேலே ஸ்பேசர் வைத்தால் ஸ்ட்ரட் அந்த அளவுக்குக் கீழே தள்ளப்படுகிறது. சக்கரம் கம்பெனி நினைத்ததைவிட அதிகமாகத் தொங்கும். 1 அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் 2 அங்குலம் தூக்கும். ஆர்மின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டும் தன் எல்லைக்கே போய்விடுகிறது. அதிகக் கோணம் தாங்குகிற மேல் ஆர்ம் மாற்றிய பிறகுதான் சத்தம் போனது.

இரும்புக்கை:

ஓரச்சக்கரம் சார், 1 அங்குலம் வைத்தால் 2 அங்குலம் என்பதை எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு. இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கும் சாலிட் ஆக்சில் வண்டியில் காயில் ஸ்பிரிங்மேல் 2 அங்குலம் வைத்தால் ஏறத்தாழ அதே 2 அங்குலம்தான் ஏறும். உங்கள் வரியைப் படித்துவிட்டு யாராவது 2 அங்குல ஸ்பேசரை வாங்கி ஸ்ட்ரட் தலையில் வைத்தால் சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஆக்சில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நான் ஸ்பேசருக்குப் பதில் பில்ஸ்டீன் 5100 ஷாக் அப்சார்பர் போட்டேன். ஸ்பிரிங் தட்டைத் தாங்கும் வளையத்தை மேல் காடிக்கு மாற்றியபோது 'க்ளிக்' என்று உட்கார்ந்ததே, அந்தச் சத்தம் கொடுத்த நிம்மதி பெரிது. இந்த வகையில் ஸ்ட்ரட்டின் நீளம் கூடுவதில்லை, ஆகவே நீங்கள் சொன்ன மோதல் ஸ்பேசரால் வருவதுபோல் வராது. பதிலுக்கு, கீழே தொங்குவதற்கு மிச்சம் இருக்கும் இடம் குறையும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், புதிதாகச் செய்கிறவர்கள் படிக்கட்டும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றைப் பொறுத்து மாறும்; சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள், நான்கு மூலையிலும். டொயோட்டா டகோமா பிக்கப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும். அளக்காமல் இரண்டு பக்கமும் ஒரே தடிமன் வைத்தால் அந்தச் சாய்வு அப்படியே மேலே வரும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைப் பிரிக்கக் கவட்டைக் கருவியை அடித்து ஏற்றினால் ரப்பர் உறை கிழியும். நட்டை முனைவரை தளர்த்திவிட்டு நக்கிளின் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டுங்கள், தானே விடும். நக்கிளை வெளிப்பக்கம் சாயவிடாதீர்கள், சிவி ஆக்சிலின் உள் ஜாயின்ட் பிரிந்துவிடும். கயிறு போட்டுக் கட்டுங்கள். பிரேக் ஹோஸில் எடை தொங்கவே கூடாது, ஏபிஎஸ் ஒயரின் கிளிப்பையும் முதலிலேயே விடுவியுங்கள்.

முக்கியமானது புஷ், அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும். முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்; டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கும், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்திருக்கும். ஸ்டீயரிங் நேராக நிற்கிறது என்பதை வைத்து அலைன்மென்ட் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

முறுக்குத்தண்டு:

எல்லோரும் ஸ்ட்ரட்டையே பேசுகிறீர்கள். சில்வராடோ 2500 எச்டி மாதிரி டார்ஷன் பார் (காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கில் தாங்கும் தண்டு) வண்டிகளில் ஸ்பேசர் என்ற பேச்சே இல்லை, தண்டின் முனையைப் பிடித்திருக்கும் சாவியை மாற்ற வேண்டும். பழைய சாவியை எடுப்பதற்கு முன் தண்டின் முறுக்கை இறக்கும் கருவியை மாட்டித் திருகிக்கொண்டிருந்தேன். பாதியில் தண்டிலிருந்து 'கிர்ர்' என்று ஒரு முனகல். கருவியின் கொக்கி குறுக்குச் சட்டத்தின் விளிம்பில் மயிரிழை நகர்ந்தது. என் முகம் அதற்கு நேர் கீழே. மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, கை மட்டும் உள்ளே இருக்கும்படி படுத்து, திருகைத் திருப்பி விட்டு, கொக்கியை மறுபடி உட்கார வைத்தேன். அந்த முனகல் இப்போதும் தூக்கத்தில் கேட்கிறது.

சாதாரண கியர் புல்லரே போதும் என்று சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்கென்று இருக்கும் கருவியையே இரவல் வாங்குங்கள்.

இன்னொன்று, "சாவியை ஏற்றினால் ஸ்பிரிங் இறுகிவிடும்" என்பது தவறு. தண்டின் விறைப்பு மாறுவதே இல்லை. மேலே ஏறியதால் ஆர்ம் கீழ்ப்பக்கத் தடுப்பை நெருங்கி நிற்கிறது, சின்னப் பள்ளத்திலும் போய் இடிக்கிறது. அதைத்தான் இறுக்கம் என்கிறார்கள்.

மலைக்காற்று:

சாலிட் ஆக்சில். காயில் ஸ்பேசர் வைத்து இறக்கியதும் முன்னால் நின்று பார்த்தேன்: ஒரு பக்கம் டயர் மட்கார்டுக்கு வெளியே, மறுபக்கம் உள்ளே. முழு ஆக்சிலும் நகர்ந்திருந்தது. ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்காக இணைக்கும் டிராக் பாரின் சாய்வு கூடினால், ஆக்சில், சட்டத்தில் பார் மாட்டியிருக்கும் பக்கமாக இழுபடும். நீளத்தை மாற்றக்கூடிய பார் போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

பாரவண்டி:

எனக்கு மெக்கானிக் வேலை எல்லாம் சுகமாகவே முடிந்தது. நெருடுவது வேறு. கிட் போட்டு, காலி வண்டியில் ஹெட்லைட்டையும் இறக்கிச் சரி செய்த பிறகு, முதல்முறை டிரெய்லர் மாட்டி இரவில் கிளம்பினேன். எதிரே ஒரு பைக். அவர் ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துக் கண்ணை மறைத்தார், பைக் அலைந்து சாலை ஓரத்து மண்ணில் இறங்கியது. விழவில்லை. உடனே ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. ஹெட்லைட் வெளிச்சம் மரத்தின் உச்சியில் அடிக்கிறது.

பிக்கப்பில் முன்பக்கம் தாழ்ந்திருப்பது அழகுக்காக வைத்ததில்லை. பாரம் ஏறும்போது மட்டமாக வருவதற்காக வைத்தது. அதை நாம் எடுத்துவிடுகிறோம். பாரம் இழுக்கிறவர்கள் பின்னால் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போடுங்கள், இல்லையென்றால் பாரத்தோடு ஒருமுறை சுவருக்கு நேரே நிறுத்தி விளக்கைப் பாருங்கள். நான் இரண்டையும் செய்கிறேன். அந்த பைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

கரடுபாதை:

இரும்புக்கை அண்ணே, அந்த புஷ் விஷயம். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டை நாங்கள் தூக்கிய நிலையில்தான் இறுக்கினோம். ஆர்மின் சட்டத்துப் பக்க போல்ட்டைத் தொடவே இல்லை. அதையும் தளர்த்த வேண்டுமா?

இரும்புக்கை:

வேண்டும் தம்பி. தொடாவிட்டாலும் அந்தப் புஷ் பழைய உயரத்துக்கு இறுக்கியது, இப்போது ஆர்மின் கோணம் மாறிவிட்டது. அதில் கேம் போல்ட் (அலைன்மென்ட்டைத் திருத்தும் போல்ட்) இருந்தால் முதலில் அதன் நிலையைப் பெயின்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் தரையில், முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி உட்கார வைத்து, எல்லாவற்றையும் தளர்த்தி அதே நிலையில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், பிறகு செய்தால் அந்தக் காசு வீண்.

ஓரச்சக்கரம்:

கணக்கு விஷயத்தில் இரும்புக்கை சொல்வது சரி, என் வண்டியை வைத்துத்தான் எழுதினேன். ஆனால் மேல் ஆர்மைப் பற்றி நான் சொன்னதிலிருந்து பின்வாங்க மாட்டேன். 5100 போட்டவர்களும் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.